ஸ்பானிஷும் வரலாறும் சேர்த்துப் படிக்கலாமா? வேலூரிலிருந்து ஒரு கேள்வி

#1 · கோட்டை அகழி

எல்லோருக்கும் வணக்கம். சத்துவாச்சாரியிலிருந்து எழுதுகிறேன். இந்த வருடம் பிளஸ் டூ முடித்தேன். வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் குரூப், தமிழ் மீடியம்.

அக்கா காட்பாடியில் பொறியியல் படித்தபோது விருப்பப் பாடமாக ஸ்பானிஷ் எடுத்திருந்தாள். தேர்வு முடிந்ததும் அவள் அதை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டாள். அந்த நோட்டை நான் இறக்கினேன். இரண்டு வருடமாக அதையும் போனையும் வைத்துக்கொண்டு படித்ததில், யாராவது நிதானமாகப் பேசினால் இப்போது புரிகிறது. எழுதினால் தப்பு வருகிறது.

எனக்கு ஸ்பானிஷும் வேண்டும், வரலாறும் வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் படிக்க முடியுமா? வெளிநாட்டில் ஒரே பட்டமாகத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நமக்கு அது கட்டுப்படியாகுமா?

அப்பா லாங் பஜாரில் பூட்டு, கீல், தாழ்ப்பாள் வியாபாரம். அவர் சொல்வது இது: "ஸ்பானிஷ் படி, சரி. ஏதோ கம்பெனியில் எடுத்துப்பாங்க. சரித்திரம் எதுக்கும்மா? செத்தவங்க கதை." எனக்குப் பிடிக்கும் என்பதைத் தவிர அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

#2 · ஆம்பூர் தோல்

அப்பா சொல்வதுதான் சரி, தங்கச்சி. நான் ஷூ ஏற்றுமதியில் பதினாறு வருடமாக இருக்கிறேன். ஸ்பெயினில் எல்ச்சே, எல்டா என்று இரண்டு ஊர். நம்ம ஆம்பூர், ராணிப்பேட்டை மாதிரியே தோலும் செருப்பும்தான் அங்கே பிழைப்பு. அங்கிருந்து வரும் வாங்குபவர்களோடு ஆங்கிலத்தில் பேசினால் வேலை நடக்கும். ஸ்பானிஷில் பேசினால் சீக்கிரம் நடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். நான் கற்றது ஓர்மா (ஷூ செய்யும் அச்சு, லாஸ்ட்), சுவேலா (அடித்தோல்), தக்கோன் (குதிகால்) என்று ஆரம்பித்துத்தான். இலக்கணம் எல்லாம் பிற்பாடு.

மொழியை பி2 நிலை வரை, அதாவது தடையில்லாமல் பேசி எழுதும் அளவுக்குக் கொண்டுபோங்கள். டெலே என்ற ஸ்பானிஷ் திறன் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்குங்கள். கூடவே பி.காம். படித்தால் இந்தப் பக்கமே நல்ல வேலை இருக்கிறது. வரலாற்றை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம்.

#3 · தொரப்பாடி டு டெல்லி

நான் இந்த வழியில் போய் வந்தவள். டெல்லியில் இளங்கலை ஸ்பானிஷ், அப்புறம் முதுகலை வரலாறு. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நடைமுறை. நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. பிரிட்டனில் ஒரு மொழியையும் வரலாற்றையும் இணைத்து ஒரே பட்டமாகப் படிப்பது பழைய வழக்கம். ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறும் நவீன மொழிகளும் சேர்ந்த படிப்பு நான்கு வருடம். அதில் மூன்றாவது வருடத்தை அந்த மொழி பேசும் நாட்டில் கழிப்பார்கள். ஆனால் வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் மட்டுமே பெரும்பாலும் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டும். உதவித்தொகை இல்லாமல் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

இங்கே ஸ்பானிஷை முதல் எழுத்திலிருந்து இளங்கலையாகப் படிக்க டெல்லியில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், டெல்லி பல்கலைக்கழகம், ஹைதராபாத்தில் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் ஆகியவை உண்டு. டெல்லியில் இரண்டுக்கும் க்யூட் என்ற பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு வழியாகத்தான் சேர்க்கை. க்யூட்டைத் தமிழிலேயே எழுதலாம் என்பது நம் ஊரில் பலருக்குத் தெரியவில்லை. எந்தத் தாள்கள் வேண்டும் என்பதை அந்தந்த வருட அறிவிப்பில் பாருங்கள். ஜே.என்.யூ.வில் கட்டணம் மிகக் குறைவு, உங்கள் அப்பா நம்பமாட்டார்.

சரி, இப்போது அப்பாவின் கேள்வி. நான் முதல் வருடம் மொழி வகுப்பில் உட்கார்ந்தபோது வரலாறு தனிப் பாடம் என்றுதான் நினைத்தேன். மூன்றாவது மாதமே அந்த எண்ணம் போய்விட்டது. ஸ்பானிஷ் சொற்பட்டியலை எழுதிப் பாருங்கள். சர்க்கரைக்கு அசூகார். எண்ணெய்க்கு அசெய்தே. தலையணைக்கு அல்மோஆதா. கிடங்குக்கு அல்மசேன். ஊர்த் தலைவருக்கு அல்கால்தே. இத்தனை 'அ', 'அல்' எங்கிருந்து வந்தன? எல்லாம் அரபு. 711இல் முஸ்லிம் படைகள் ஜிப்ரால்டரைத் தாண்டி வந்ததிலிருந்து 1492 ஜனவரியில் கிரானடா விழும் வரை 781 வருடம் அந்த மண்ணில் எங்காவது ஒரு மூலையில் முஸ்லிம் ஆட்சி இருந்தது. அந்த அல்கால்தே வேறு யாருமில்லை, அரபு காதிதான். மேல்விஷாரத்தில் நிக்காஹ் நடத்திவைக்கும் காஜியாரும் ஒரு மெக்சிகோ நகரத்தின் மேயரும் சொல்லளவில் ஒரே ஆள். சுங்கச் சாவடிக்கு அதுவானா என்று பெயர். அது திவானிலிருந்து வந்தது. நம் திவானும் அதே வேர்தான்.

என் அறைத்தோழி வாணியம்பாடிக்காரி. 'அப்படி நடந்தால் நன்றாயிருக்கும்' என்பதற்கு ஸ்பானிஷில் ஓஹலா என்பார்கள். ஆசிரியர் அதைச் சொன்ன அன்று அவள் சிரித்துவிட்டாள். இறைவன் நாடினால் என்ற அரபுத் தொடர் தேய்ந்துதான் ஓஹலா ஆனது. அவள் பாட்டி நாளைக்குப் பத்துமுறை சொல்லும் இன்ஷா அல்லாவுக்கு நெருங்கிய உறவு. இன்றைக்கு ஸ்பெயினில் கடவுள் நம்பிக்கையே இல்லாதவன்கூட ஓஹலா சொல்கிறான்.

#4 · வெயில் ஊர்

போனில் இருக்கிற ஆப் போதுமே. எதற்கு டெல்லி வரை?

#5 · தொரப்பாடி டு டெல்லி

ஆப் நல்லதுதான். ஆனால் அது உங்களிடம் எதையும் கேட்காது, சரியா தப்பா என்று மட்டும் சொல்லும்.

தமிழர்களுக்கு ஸ்பானிஷில் கிடைக்கும் சலுகைகளை எந்த ஆப்பும் சொல்லித் தராது என்பதற்காகச் சொல்கிறேன். 'எனக்குக் காபி பிடிக்கும்' என்பதில் 'நான்' எங்கே? இல்லை. ஸ்பானிஷிலும் 'மே குஸ்தா எல் கஃபே' என்றுதான், அதே கட்டமைப்பு. ஆங்கிலம் வழியாக வருகிறவர்கள் இதில் ஒரு மாதம் மாட்டிக்கொள்வார்கள். நாம் ஒரு நிமிடத்தில் தாண்டிவிடுவோம். வந்தேன், வந்தாய் என்று வினையே ஆளைக் காட்டிவிடுவதால் நாம் எழுவாயை விட்டுவிடுகிறோமே, அங்கேயும் அதேதான். நீ, நீங்கள் வேறுபாடு அங்கே தூ, உஸ்தேத். 'ஞ' அங்கே 'ன்' மேல் ஒரு சுழி போட்ட எழுத்து. எஸ்பாஞா என்று சொல்ல நமக்குப் பயிற்சியே வேண்டாம். பெரோ என்றால் 'ஆனால்' என்று பொருள். அதையே நாக்கை அதிரவிட்டுப் பெர்ரோ என்று சொன்னால் நாய். பழைய தமிழாசிரியர்கள் ர, ற வித்தியாசத்தை எப்படி அதட்டிச் சொல்லிக்கொடுப்பார்களோ அப்படி.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. மேசை பெண்பாலாம், புத்தகம் ஆண்பாலாம். உயர்திணை, அஃறிணை என்று தெளிவாகப் பிரித்து வளர்ந்த நமக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும். எனக்கு இன்னும் இருக்கிறது.

#6 · ஆரணி வாத்தியார்

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். பிள்ளையின் அப்பாவுக்கு ஒரு பதில் என்னிடம் இருக்கிறது. அவர் கடைக்குப் பக்கத்திலேயே இருக்கிற பதில்.

வேலூர்க் கோட்டையில் கடைசி விஜயநகர வம்சம் அரசாண்டதே, ஆரவீடு மரபு, அதைப் பற்றி முதன்முதலாக விரிவான வரலாறு எழுதியது யார்? பார்சிலோனாவில் 1888இல் பிறந்த ஸ்பானியர், பாதிரியார் ஹென்றி ஹெராஸ். 1922இல் பம்பாய் வந்தார். செயின்ட் சேவியர் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்தார். அங்கேயே ஓர் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினார். ஆரவீடு மரபு பற்றிய அவருடைய நூல் 1927இல் சென்னையில் வெளியானது. பிற்காலத்தில் சிந்துவெளி எழுத்தைத் திராவிட மொழியாகப் படிக்க முயன்றவர்களிலும் அவர் முன்னோடி. அந்த வாசிப்பை இன்று யாரும் அப்படியே ஏற்பதில்லை, அது வேறு கதை. 1955இல் பம்பாயிலேயே காலமானார். இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டிருக்கிறது.

ஒரு பார்சிலோனாக்காரருக்கு வேலூர் ராஜா மீது என்ன அக்கறை? காரணம் காகிதம். இரண்டாம் வேங்கடபதி ராயர் 1614 வரை ஆண்டவர். 1600களின் தொடக்கத்தில் தலைநகரை வேலூருக்குக் கொண்டுவந்தார். அவர் அரசவையில் சேசு சபைப் பாதிரிமார் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஓவியர்கூட. அரசவையில் நடந்ததையெல்லாம் அவர்கள் மேலிடத்துக்கு எழுதி அனுப்பினார்கள். 1580 முதல் 1640 வரை போர்ச்சுகலும் ஸ்பெயினும் ஒரே மன்னரின் கீழ். ஆகவே நம் வேங்கடபதி ராயருக்கும் ஸ்பெயினின் மூன்றாம் பிலிப்புக்கும் கடிதப் போக்குவரத்து இருந்தது. பழவேற்காட்டில் டச்சுக்காரனுக்கு இடம் கொடுக்கலாமா கூடாதா என்பதெல்லாம் அந்தக் கால அரசியல்.

முப்பத்திரண்டு வருடம் 1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சியைப் பாடமாக நடத்தினேன். கோட்டைக்குள் பிள்ளைகளை வரிசையாக அழைத்துப்போவேன். ஆனால் அதே கோட்டைக்கு மாட்ரிட்டோடு தொடர்பு இருந்ததை ஒரு வகுப்பில்கூடச் சொன்னதில்லை. பாடத்தில் இல்லை, நானும் சேர்த்துச் சொல்லவில்லை.

#7 · பரங்கிப்பேட்டை அலை

வாத்தியார் சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம், கோபித்துக்கொள்ள வேண்டாம். மூன்றாம் பிலிப் ஸ்பெயினின் அரசர்தான். ஆனால் போர்ச்சுகலின் நிர்வாகம் தனியாகவே நடந்தது. இந்தியாவுக்கு வந்த கடிதங்கள் போர்த்துகீசிய மொழியில் லிஸ்பன் வழியாக, பருவக்காற்றோடு வரும் கப்பலில் கோவாவுக்கு வந்தவை. பாதிரிமார் கடிதங்களில் இத்தாலியமும் லத்தீனும் உண்டு. 'ஸ்பானிஷ் தெரிந்தால் வேலூர் வரலாற்றைப் படிக்கலாம்' என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டு போய் ஏமாறக்கூடாது.

ஸ்பானிஷ் கற்றவருக்குப் போர்த்துகீசியத்தைப் படிக்க ஆறு மாதம் போதும் என்பது உண்மை. இரண்டும் அண்ணன் தம்பி. தமிழில் நாம் சொல்லும் மேசை, அலமாரி, ஜன்னல், சாவி, பாதிரி, ஏலம், பீப்பாய் எல்லாம் போர்த்துகீசியம் தந்தவை. மேசை ஸ்பானிஷிலும் மெசாதான். ஆனால் ஜன்னலுக்கு ஸ்பானிஷில் வெந்தானா, வேறு சொல்.

நேரடியாக ஸ்பானிஷ் வேண்டுமென்றால் எங்கள் பக்கம் வாருங்கள். பரங்கிப்பேட்டை, சென்னைத் துறைமுகங்களிலிருந்து துணி மணிலாவுக்குப் போனது. அங்கிருந்து 1565 முதல் 1815 வரை ஓடிய ஸ்பானியக் கப்பல்களில் மெக்சிகோவின் அக்காபுல்கோவுக்குப் போனது. திரும்பி வந்தது வெள்ளி. ஆங்கிலேயருக்கு மணிலாவில் வெளிப்படையாக வியாபாரம் செய்ய அனுமதி இல்லாததால், சென்னை வணிகர்கள் ஆர்மீனியர் பெயரில் சரக்கு அனுப்பினார்கள். தில்லுமுல்லு அன்றைக்கே உண்டு.

1762இல் ஆங்கிலேயர் மணிலாவைப் பிடித்தார்களே, அந்தப் படை கிளம்பியது சென்னையிலிருந்து. அதில் முக்கியமான 79ஆம் படைப்பிரிவு இரண்டு வருடம் முன்புதான் உங்கள் வட ஆற்காட்டு வந்தவாசியில் பிரெஞ்சுக்காரரோடு சண்டை போட்டது. கூடவே நம் பக்கத்துச் சிப்பாய்களும் போனார்கள். 1764இல் ஆங்கிலேயர் மணிலாவைத் திருப்பிக் கொடுத்தபோது சில சிப்பாய்கள் திரும்பவில்லை. மணிலாவுக்குப் பக்கத்தில் கைன்தா என்ற ஊரில் தங்கிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். ஸ்பானிய அரசின் பிலிப்பைன்ஸ் ஆவணங்கள் செவில் நகரத்தில். தமிழும் ஸ்பானிஷும் வரலாறும் தெரிந்த ஆள் அதைப் போய்ப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. எனக்கு வயதாகிவிட்டது.

#8 · தமிழ்ச்சுடர் 64

ஸ்பானிஷில் அரிசிக்கு அர்ரோஸ். அரிசி, அர்ரோஸ். எல்லாமே நம்மிடமிருந்து போனதுதான். ஆரஞ்சுக்கு நாரான்ஹா, அதுவும் நம் நாரத்தை. இதற்கு எதற்கு ஸ்பெயின் போக வேண்டும்?

#9 · தொரப்பாடி டு டெல்லி

அண்ணா, நாரான்ஹா வரைக்கும் உங்களோடு வருகிறேன். சம்ஸ்கிருத நாரங்க, பாரசீக நாரங், அரபு நாரஞ்ச், ஸ்பானிஷ் நாரான்ஹா என்று படிப்படியாகத் தடம் தெரிகிறது. அதன் தொடக்கம் திராவிட மொழி என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள். அர்ரோஸ் அரபு வழி வந்தது. அதற்குப் பின்னால் கிரேக்கம், ஈரானிய மொழிகள் என்று போகிறது. அரிசிதான் மூலமா என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. முதுகலையில் இதை உறுதியாக எழுதி மார்க் போனது எனக்கு.

எதிர்த் திசையிலும் கணக்கு இருக்கிறது. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, பப்பாளி, கொய்யா, முந்திரி, வேர்க்கடலை அத்தனையும் கொலம்பஸுக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து வந்தவை. தக்காளிக்கு ஸ்பானிஷில் தொமாத்தே, அது மெக்சிகோவின் நாவாத் மொழியிலுள்ள தொமாத்ல். ஸ்பானியர் மெக்சிகோவைக் கைப்பற்றாமல் இருந்திருந்தால் ஆம்பூர் பிரியாணி வெள்ளையாக இருந்திருக்கும்.

#10 · ஆம்பூர் தோல்

பிரியாணியை இழுக்காதீர்கள். காய்ந்த மிளகாய் அரைத்துப் போடாமல் அது பிரியாணியே இல்லை.

#11 · சேண்பாக்கம் அம்மா

என் மகனும் இதே மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், அவனுக்கு ஜப்பானிய மொழி. எனக்கு இரண்டு சந்தேகம். உள்ளூரில் பி.ஏ. வரலாறு சேர்த்துவிட்டு மொழியைத் தனியாகப் படிக்க வைக்கலாமா? அப்புறம், இப்போது எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே மொழிபெயர்த்துவிடுகிறதே, இனிமேல் மொழி படித்தவர்களுக்கு வேலை இருக்குமா?

#12 · தொரப்பாடி டு டெல்லி

அம்மா, முதல் கேள்விக்கு ஆம். வேலூர் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி மாதிரி இடத்தில் வரலாறு சேர்த்துவிட்டு மொழியை இணையத்தில் படிக்கலாம். 2022 முதல் யு.ஜி.சி. ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்பை அனுமதிக்கிறது. ஒன்று நேரடி வகுப்பு, இன்னொன்று தொலைநிலை அல்லது இணையவழி என்று வைத்துக்கொள்ளலாம். டெல்லியில் ஸ்பெயின் அரசின் செர்வாந்தெஸ் நிறுவனம் இருக்கிறது, அவர்கள் இணைய வகுப்பும் நடத்துகிறார்கள். வீட்டுச் சோறு, செலவு குறைவு. குறை என்னவென்றால் வகுப்பு முடிந்ததும் ஸ்பானிஷும் முடிந்துவிடும். பேச ஆள் இருக்காது. விடுதியில் நள்ளிரவில் டீ குடித்துக்கொண்டே தப்புத்தப்பாகப் பேசித்தான் எனக்கு மொழி வந்தது.

இரண்டாவது கேள்வி. சாதாரணக் கடிதம், மெயில், மெனு, இவற்றையெல்லாம் இயந்திரம் செய்துவிடும். அந்த வேலை குறைந்துகொண்டுதான் வருகிறது, மறைக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். என்கொமியெந்தா என்று ஒரு சொல். பெருவில் இன்று பஸ் நிலையத்தில் அந்தப் பலகை தொங்கினால் அங்கே பார்சல் அனுப்பலாம் என்று பொருள். 16ஆம் நூற்றாண்டு ஆவணத்தில் அதே சொல் வந்தால், ஒரு ஸ்பானியனிடம் இத்தனை பழங்குடிகளை ஒப்படைத்து, அவர்களின் உழைப்பையும் வரியையும் எடுத்துக்கொள் என்று அரசர் கொடுத்த உரிமை. இயந்திரம் அதைப் பார்சல் என்று எழுதிவைத்ததை என் கண்ணால் பார்த்தேன். ஒரு ஊரே பார்சலாகிவிட்டது. அந்த ஆவணங்களில் அவுதியென்சியா என்றால் பார்வையாளர் கூட்டம் இல்லை, குடியேற்ற நாட்டின் உயர் நீதிமன்றம். நம் ஊர்ப் பழைய தாலுகா கணக்கில் ஜமாபந்தி, கிஸ்தி, ஜாகீர் என்று வருவதை அகராதி பார்த்து மட்டும் ஒருவர் புரிந்துகொள்ள முடியுமா? வரியை யார் கட்டினார்கள், யார் வாங்கினார்கள் என்று தெரிந்தால்தான் சொல்லே புரியும்.

இந்த என்கொமியெந்தாவை எதிர்த்துத்தான் பார்த்தொலொமே தெ லாஸ் காசாஸ் என்ற பாதிரியார் வாழ்நாள் முழுக்க வாதாடினார். அவரும் முதலில் அதை அனுபவித்தவர்தான், பிறகு விட்டுவிட்டார். 1550, 51இல் வய்யாதோலித் நகரத்தில் அமெரிக்கப் பழங்குடிகளை இப்படிப் போர் செய்து அடக்குவது நியாயமா என்று நேருக்கு நேர் விவாதமே நடந்தது. ஒரு பேரரசு தன் படையெடுப்பை அப்போதைக்கு நிறுத்திவைத்து, தான் செய்வது சரியா என்று அறிஞர்களைக் கூட்டிக் கேட்டது. கேட்டதே தவிர நின்றுவிடவில்லை. அந்த வாதத்தின் ஸ்பானிஷை வாசிக்கும்போது எனக்கு நம் ஊர்க் கதைகள்தான் ஞாபகம் வந்தன. ஒருவன் மனிதனா, எந்த அளவுக்கு மனிதன் என்று கற்றவர்கள் கூடி முடிவு செய்வது நமக்குப் புதிதில்லையே.

#13 · கோட்டை அகழி

அக்கா, எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் கேட்கிறார்: அந்தப் பழைய ஆவணங்களைப் படிக்க மூன்று வருடப் படிப்பு போதுமா?

#14 · தொரப்பாடி டு டெல்லி

போதாது. அப்பாவிடம் உண்மையே சொல்லுங்கள்.

செவிலில் இந்தியாஸ் ஆவணக்காப்பகம் இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அந்த 'இந்தியாஸ்' பெரும்பாலும் அமெரிக்கா, கூடவே பிலிப்பைன்ஸ். மூன்றாம் கார்லோஸ் 1785இல் அமைத்தது. 43,000 கட்டுகள், ஏறத்தாழ 8 கோடிப் பக்கம். ஒரு பகுதியைப் படமெடுத்துப் பாரெஸ் என்ற அரசு இணையதளத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். சத்துவாச்சாரியில் உட்கார்ந்தே திறக்கலாம். நான் மூன்றாம் வருடம் முதன்முதலில் திறந்தேன். ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. மொழி புரியாததால் அல்ல. 16ஆம் நூற்றாண்டு நீதிமன்ற எழுத்தர்கள் பேனாவைத் தூக்காமல் சங்கிலி மாதிரி இழுத்துக்கொண்டே போவார்கள். எந்தச் சொல் எங்கே முடிகிறது என்றே தெரியாது. அந்தக் கையெழுத்தைப் படிப்பதே தனி வித்தை. முதல் பக்கத்தைப் படித்து முடிக்க எனக்குப் பதினொரு நாள் ஆனது. அது ஒரு கழுதை காணாமல் போன வழக்கு.

வேலை? என்னோடு படித்த இருபத்து சொச்சம் பேரில் பாதிப்பேர் பெங்களூர், குருகிராம் கம்பெனிகளில் ஸ்பானிஷ் வாடிக்கையாளர் வேலையில் இருக்கிறார்கள். சம்பளம் நன்றாகவே வருகிறது. சிலர் பள்ளிகளில் மொழி ஆசிரியர்கள். வரலாற்றுக்கு வந்தது நானும் இன்னொருத்தியும்தான். முனைவர் பட்டம் ஏழு வருடமாக இழுக்கிறது. என் அம்மா உறவினர் கல்யாணத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள், 'பொண்ணு இன்னுமா படிக்கிறா' என்ற கேள்விக்குப் பயந்து.

#15 · ஆம்பூர் தோல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்தேன். மேலே நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன்.

சில வருடம் முன்பு எல்டாவுக்குப் போயிருந்தேன். எங்களிடம் வாங்கும் ஒருவர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அவர், மனைவி, எண்பது தாண்டிய அம்மா. என் ஸ்பானிஷை எல்லோரும் பாராட்டிவிட்டார்கள், எனக்குத் தலை கால் புரியவில்லை. சுவரில் தாடி வைத்த ஒருவர் படம். பேச்சோடு பேச்சாக, எங்கோ படித்ததை வைத்துக்கொண்டு, "ஃபிராங்கோ காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்ததாமே" என்றேன். ஃபிராங்கோ என்றால் உள்நாட்டுப் போரில் ஜெயித்து ஸ்பெயினை ஆண்ட சர்வாதிகாரி. நம் ஊரில் 'வெள்ளைக்காரன் இருந்தப்ப ரயில் நேரத்துக்கு வந்தது' என்று சொல்வோமே, அந்த மாதிரிச் சும்மா.

மேசை அமைதியாகிவிட்டது. அந்த அம்மா மெதுவாக எழுந்து உள்ளே போனார். திரும்பி வரவில்லை. சாப்பாடு முடிந்தது, காபி வந்தது, யாரும் என்னைத் திட்டவில்லை. காரில் கொண்டுவிடும்போது அவர்தான் சொன்னார், படத்தில் இருப்பது அம்மாவின் அப்பா, 1939 மார்ச்சில் அலிக்காந்தே துறைமுகத்தில் கப்பல் ஏறிப் போனவர், திரும்பவே இல்லை என்று.

ஊருக்கு வந்த பிறகுதான் படித்தேன். உள்நாட்டுப் போரின் கடைசி வாரங்களில் குடியரசு அரசாங்கத்தின் தலைமை அமைச்சர் நெக்ரின் தங்கியிருந்தது அந்த எல்டாவை ஒட்டித்தான். செருப்பு ஊர் என்று நான் நினைத்த ஊர், தோற்றுக்கொண்டிருந்த ஓர் அரசாங்கத்துக்குச் சில நாள் தலைநகரம்போல இருந்திருக்கிறது. மார்ச் 28ஆம் தேதி ஸ்டான்புரூக் என்ற சரக்குக் கப்பல் 2,600க்கும் மேற்பட்ட அகதிகளை ஏற்றிக்கொண்டு அலிக்காந்தேயிலிருந்து அல்ஜீரியாவின் ஓரானுக்குப் போனது. ஏற முடியாமல் துறைமுகத்தில் நின்றவர்கள் ஆயிரக்கணக்கில் சிறைப்பட்டார்கள். ஃபிராங்கோ 1975 நவம்பரில் சாகும் வரை அந்த வீடுகளில் இதைப் பற்றி வாய் திறந்திருக்க மாட்டார்கள். 1977இல் பொது மன்னிப்புச் சட்டம், எல்லாவற்றையும் மூடிவைத்தாயிற்று. 2007இல் நினைவுச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்து மறுபடி தோண்ட ஆரம்பித்தார்கள்.

வியாபாரம் கெடவில்லை. அவர் இன்னும் வாங்குகிறார். அந்த அம்மா இப்போது இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அடுத்த தடவை போனபோது வாக்கியத்தைக்கூட மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

அதற்காக இதற்கு மூன்று வருடப் பட்டம் வேண்டும் என்று இப்போதும் சொல்லமாட்டேன். நூலகம் போதும். ஆனால் பட்டம் படித்தவர்கள்தான் அந்தப் புத்தகங்களை எழுதுகிறார்கள், அதுவும் தெரிகிறது.

#16 · ஆரணி வாத்தியார்

1938இல் போர் நடந்துகொண்டிருந்தபோதே நேரு பார்சிலோனா போய் வந்தார். நம்மவர்களுக்கு அது தூரத்துச் சண்டையாகத் தெரியவில்லை. தம்பி, நீங்கள் எழுதியதை என் பேரனுக்குப் படித்துக் காட்டினேன்.

#17 · தமிழ்ச்சுடர் 64

ஃபிராங்கோ காலத்தில் கட்டலான், பாஸ்க் மொழிகளைப் பள்ளியிலும் அலுவலகத்திலும் ஒடுக்கினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1965இல் தெருவில் இறங்கிய ஊர்க்காரர்கள் நாம், இது நமக்குப் புரியும்.

#18 · தொரப்பாடி டு டெல்லி

சரியாகச் சொன்னீர்கள் அண்ணா. அதனால்தான் பார்சிலோனாவில் 'நான் ஸ்பானிஷ் படிக்கிறேன்' என்று எஸ்பாஞோல் என்ற சொல்லைச் சொன்னால் சிலர் 'காஸ்தெய்யானோவா' என்று திருத்துவார்கள். காஸ்தில் பகுதியின் மொழி என்று பொருள். 1978 அரசியல் சட்டமும் காஸ்தெய்யானோ என்றுதான் எழுதுகிறது, மற்றவற்றை அந்தந்தப் பகுதியின் இணை ஆட்சி மொழிகள் என்கிறது. மொழியின் பெயரைச் சொல்வதற்குள்ளேயே ஒரு கட்சியில் சேர்ந்துவிடுகிறோம்.

1492இல் நெப்ரிஹா என்பவர் காஸ்தெய்யானோவுக்கு முதல் இலக்கணம் அச்சிட்டு அரசி இசபெல்லுக்குக் காணிக்கையாக்கினார். மொழி எப்போதும் பேரரசின் துணையாகவே வந்திருக்கிறது என்று முன்னுரையில் எழுதினார். கொலம்பஸ் அப்போதுதான் பயணம் கிளம்பியிருந்தார், அமெரிக்கக் கரையை இன்னும் பார்க்கவில்லை. தொல்காப்பியம் இருக்கிற மொழிக்காரர்களுக்கு 1492 ரொம்பப் பிந்திய தேதிதான், தெரியும், யாரும் பதில் போட வேண்டாம்.

#19 · வெயில் ஊர்

நான் ஆப் போதும் என்று சொன்னவன். பாரெஸ் தளத்தைத் திறந்து பார்த்தேன். எங்க டாக்டர் எழுத்தே பரவாயில்லை.

#20 · கோட்டை அகழி

தாமதத்துக்கு மன்னிக்கவும். க்யூட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். தேர்வு முடிந்தது. ஜே.என்.யூ. ஸ்பானிஷ் முதல் விருப்பம். கிடைக்காவிட்டால் இங்கேயே வரலாறு சேர்ந்துகொண்டு மொழியை இணையத்தில் தொடர்வேன். இரண்டில் எது கிடைத்தாலும் மற்றொன்றை விடப்போவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அம்மா டெல்லிக் குளிருக்கு ஸ்வெட்டர் விலை விசாரிக்கிறாள், எங்களிடம் இருப்பது மின்விசிறிகள் மட்டும்தான்.

அப்பா இன்னும் முழுசாகச் சம்மதிக்கவில்லை. ஆனால் போன வாரம் கடையில் உட்கார்ந்திருந்தபோது பரங்கிப்பேட்டை ஐயா எழுதியதை வாசித்தேன். சாவி போர்த்துகீசியச் சொல் என்ற இடத்தில் அவர் நிறுத்தச் சொன்னார். நாற்பது வருடமாக விற்கிற பொருள். ஸ்பானிஷில் என்ன என்று கேட்டார். யாவே என்றேன். "சாவி எங்கே, யாவே எங்கே? ரெண்டும் அண்ணன் தம்பின்னு எழுதியிருக்கே" என்றார். எனக்குத் தெரியவில்லை. அன்றிரவு தேடிப் படித்தேன். லத்தீனில் க்ளாவிஸ். லத்தீனின் 'க்ள' போர்ச்சுகலில் 'ஷ' ஆனது, ஸ்பெயினில் 'ய' ஆனது. மழையும் அப்படியே: ப்ளூவியா என்ற லத்தீன் போர்ச்சுகலில் ஷூவா, ஸ்பெயினில் யூவியா. நமக்கு வந்து சேர்ந்தது கப்பலில் வந்த போர்ச்சுகல்காரன் சொன்ன சொல்.

மறுநாள் காலை கடை திறக்கும்போது இதைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டார். வாடிக்கையாளர் இரண்டு பேர் வந்து போனார்கள். அப்புறம் அலிகார் பூட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்து, "இதுக்கு?" என்றார்.

கந்தாதோ என்றேன். பெட்டியின் மேல் தமிழில் எழுதி வைக்கச் சொன்னார்.

#21 · ஆம்பூர் தோல்

கதவுப் பூட்டு என்றால் செர்ரதூரா. அதையும் எழுதி வையுங்கள். அடுத்த மாதம் வேலூர் வரும்போது கடைக்கு வருகிறேன், எனக்கும் ஒரு பூட்டு வேண்டும்.